ஐவி மாமி எடுக்காத கோல்

ஆகஸ்ட் விடுமுறைக்குக் கொன்சி தன் மாமா வீட்டுக்கு வந்தால், அந்த வீட்டில் உள்ள இயந்திரங்கள் எல்லாம் ஒரே கிழமையில் பழுதாகிவிடும். உண்மையில் அவை பல மாதங்களாகவே பழுதாகத்தான் கிடக்கும். "கொன்சி வரட்டும்" என்று வைத்திருப்பார்கள்.

கொன்சி என்பது கொன்சலீற்றாவின் சுருக்கம். வயது பத்து. அவளுடைய வீடு பாலையூற்றில். யேசுரட்ணம் மாமாவும் ஐவி மாமியும் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் பழுது பார்க்கவும் ஆள் இல்லை.

கொன்சிக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. முதலில் வயர் செருகி இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு பற்றறி சரியான பக்கம் போட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். அநேகமான பழுதுகள் அவ்வளவிலேயே வெட்கப்பட்டு ஓடிவிடும்.

அந்த வருடம், அதாவது இரண்டாயிரத்து ஏழில், முதல் நோயாளி ரிவியின் றிமோட். அது ஊத்தையாகாமல் இருக்க மாமி ஒரு பொலித்தீன் பையால் சுற்றியிருந்தார். அந்தப் பை ஊத்தையாகாமல் இருக்க இன்னொரு பை. கொன்சி பைகளை உரித்தாள். றிமோட் வேலை செய்தது. இவளைப் படிப்பிக்கத்தான் வேண்டும் என்று மாமி சொன்னார்.

அடுத்தது மாமாவின் வானொலி.

தம்பலகாமத்தில் மாமா குத்தகைக்கு வயல் செய்தார். நெல் முற்றும் நேரத்தில் அங்கே யானை இறங்கும். அதனால் மாமா காவல் குடிலில் தங்கி, யானையை விரட்ட வானொலியைச் சத்தமாக வைப்பார். யானைகளுக்குச் செய்தி பிடிக்காது, பாட்டு என்றால் நின்று கேட்கும் என்பது மாமாவின் ஆராய்ச்சி.

வானொலியில் பற்றறி போடும் இடம் துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. கொன்சி யோசித்தாள். நான்கு பெரிய பற்றறிகளை வெளியே வரிசையாக வைத்தாள். பழைய சைக்கிள் ரியூபை வெட்டி அவற்றை இறுக்கிச் சுற்றினாள். இரண்டு வயர்களால் அதை வானொலியோடு இணைத்தாள். வானொலி பாடியது.

பார்க்க அழகாக இல்லை. கறுப்பு றப்பர் சுற்றிய கட்டு, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வயர். யுத்தம் நடக்கிற ஊரில் அப்படி ஒரு பொருள் குண்டு மாதிரித்தான் தெரியும். ஆனால் அது பாடிக்கொண்டிருந்ததால், வீட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மத்தியானம் மாமா வானொலியைப் பையில் வைத்துக்கொண்டு தம்பலகாமத்துக்கு பஸ் ஏறினார்.

அந்த நாட்களில் வெளியே போவது ஒரு வேலை, போய்ச் சேருவது இன்னொரு வேலை. வழியெல்லாம் சோதனைச்சாவடிகள். சில நாட்களில் பாதையில் வெடி. ஆகவே மாமா ஒரு சட்டம் போட்டிருந்தார். போய்ச் சேர்ந்ததும் மாமியின் கைத்தொலைபேசிக்கு ஒரு மிஸ் கோல் தருவார். மாமி அதை எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போகும்.

ஒருமுறை மாமி எடுத்துவிட்டார். எடுத்து, "ஓம், விளங்கிற்று, நான் எடுக்கேல்லை" என்று சொன்னார். அதற்கும் காசு போனது. மாமா கொஞ்சம் கதைத்தார். அன்றிலிருந்து மாமி ஒரு கோலையும் எடுப்பதில்லை.

பின்னேரம் கொன்சி குசினியில் மணிக்கூட்டுக்குப் பற்றறி மாற்றிக்கொண்டிருந்தாள். மேசையில் மாமியின் தொலைபேசி அடித்தது. மாமி நெற்றியில் சிலுவை போட்டு, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார். தொலைபேசி தொடர்ந்து அடித்து, நின்றது.

சற்று நேரத்தில் மறுபடியும் அடித்தது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார் என்றார் மாமி.

மூன்றாம் முறையும் அடித்தபோது கொன்சி மணிக்கூட்டைக் கீழே வைத்தாள்.

"மாமி, இது மிஸ் கோல் இல்லை."

"பின்னை என்ன?"

"மிஸ் கோல் எண்டால் அடிச்ச உடனை வெட்டுப்படும். இது அடிச்சு அடிச்சுத் தானாத்தான் நிக்குது. மாமா வெட்டேல்லை. நீங்கள் எடுக்கோணும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறார்."

மாமி தொலைபேசியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவர் ஏசுவார் என்றார். ஆனால் அவருடைய முகம் மாறியிருந்தது.

நான்காம் முறை அடித்தது. கொன்சி பறிக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏசினால் என்னை ஏசட்டும். தாங்கோ மாமி."

மாமி கொடுத்தார். கொன்சி பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மாமிக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கிப் பொத்தானையும் அழுத்தினாள்.

"ஐவி?" மாமாவின் குரல் மிகவும் மெதுவாக வந்தது.

"நான் கொன்சி, மாமா."

"நல்லதாப் போச்சு. நீதான் வேணும். பயப்படாமல் கேள்."

தம்பலகாமத்துக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச்சாவடியில் மாமாவின் பையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். றப்பரையும் வயரையும் கண்டதும் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். பிறகு மாமாவை மட்டும் விட்டுவிட்டு பஸ் போய்விட்டது. இப்போது வானொலி நடுப்பாதையில் இருந்தது. அதற்கு முன்னால் மாமா மட்டும் குந்தியிருந்தார். ஆமிக்காரர்கள் மண்மூட்டைகளுக்குப் பின்னால், துவக்குகளை அவர் பக்கம் நீட்டிக்கொண்டு.

பற்றறிக் கட்டை அவரையே அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தார். பற்றறிதான் என்று கண்டார்கள். ஆனாலும் நம்பவில்லை. வானொலி என்றால் பாடட்டும் என்றார்கள். மாமா திரும்பப் பொருத்தினார். அது பாடவில்லை.

அங்கே லாபிர் என்று தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் இருந்தார். இதைச் செய்தது ஒரு சின்னப் பிள்ளை, அதைக் கேட்டுப் பார்க்கட்டும் என்று ஆமிப் பெரியவரிடம் சொல்லி, மாமாவைக் கோல் பண்ண விட்டது அவர்தான்.

"பாடாட்டி என்னை வேறை இடத்துக்கு ஏத்தப் போயினமாம்," என்றார் மாமா. "போன் பற்றறியிலை சாச்சும் முடியப் போகுது, பிள்ளை."

வேறு இடத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. கொன்சிக்கும் அது தெரியும். மாமி கதிரையில் அமர்ந்துவிட்டார்.

கொன்சிக்கு அழுகை வந்தது. இப்போது அழுதால் சாச் முடிந்துவிடும். பிறகு அழலாம் என்று வைத்தாள்.

"மாமா, பற்றறி எல்லாத்தையும் வெளியிலை எடுங்கோ."

மாமா அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். தூரத்தில் லாபிர் அதைச் சிங்களத்தில் சொல்வது கேட்டது. அதன் பிறகுதான் மாமாவின் கை அசைந்தது. ஒவ்வொரு வேலையும் அப்படித்தான் நடந்தது.

"எடுத்தாச்சு."

"ஒவ்வொண்டிலையும் ஒரு பக்கத்திலை மொட்டு மாதிரி இருக்கும். எல்லா மொட்டும் ஒரே பக்கம் பாக்கோணும்."

பற்றறிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது.

"ஒண்டு மாறிப் போட்டிட்டன்."

"பறவாயில்லை மாமா. திருப்பிப் போடுங்கோ. சிவப்பு வயர் மொட்டுப் பக்கம் தொடுதா?"

"தொடுது."

"றப்பரை இறுக்குங்கோ. இப்பப் போடுங்கோ."

மாமா சொன்னார். லாபிர் சொன்னார். டிக் என்று ஒரு சத்தம் வந்தது.

வானொலி பாடவில்லை.

மண்மூட்டைப் பக்கம் யாரோ உரக்கக் கதைத்தார்கள். மாமி எழுந்து கொன்சியின் தோளைப் பிடித்துக்கொண்டார். கொன்சி கண்ணை மூடி, அந்த வானொலியை மனதில் ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தாள். பற்றறி சரி. வயர் சரி. டிக் என்ற ஆளி சரி. இனிக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அது மிகவும் மடத்தனமான கேள்வி. துவக்குகளுக்கு முன்னால் குந்தியிருக்கிற பெரிய மனிதரிடம் கேட்கக்கூடிய கேள்வியே இல்லை.

அவள் கேட்டாள்.

"மாமா, சத்தத்தைக் கூட்டினீங்களா?"

பஸ்ஸில் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று, பையில் வைக்கும்போது மாமாவே அதை அடியோடு குறைத்திருந்தார்.

"இல்லை," என்றார். "சத்தத்தைக் கூட்டப் போறன்." அதையும் லாபிர் சிங்களத்தில் சொன்னார்.

தொலைபேசியில் பெரிய இரைச்சல் ஒன்று வெடித்தது. ஏதோ பொத்தென்று விழுந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

மாமியின் விரல்கள் கொன்சியின் தோளில் பதிந்தன. இருவரும் அந்தச் சின்னக் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் மெதுவாக ஒரு சோக இசை கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் குரல் அமைதியாக வாசித்தது.

"மரண அறிவித்தல். ஓய்வுபெற்ற தபாலதிபரும், காலஞ்சென்ற தம்பதிகளின் மூத்த மகனும்…"

வானொலிதான்.

யாரோ தொலைபேசியை நிலத்திலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டது. "நான்தான்," என்றார் மாமா. "கை வழுக்கிட்டுது." பெரியவர் கையைக் காட்டி, போகலாம் என்று சொல்லிவிட்டாராம். லாபிர் முதுகில் தட்டினாராம். இன்றைக்கு வயலுக்குப் போக மனம் இல்லை என்றும், அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கே திரும்புவதாகவும் மாமா சொன்னார்.

அப்போதுதான் கொன்சி அழுதாள். மாமி அவளை அணைத்துக்கொண்டு தானும் அழுதார். மரண அறிவித்தலைக் கேட்டுச் சந்தோசத்தில் அழுதவர்கள் அந்தத் தெருவில் அவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

அந்தக் குரல் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு பெயர், ஓர் ஊர். இன்னொரு பெயர், இன்னோர் ஊர். வானொலியை நிறுத்தவா என்று மாமா கேட்டார்.

மாமி கண்ணைத் துடைத்தார்.

"வேண்டாம். முடியட்டும். அவையளுக்காகவும் ஆரோ வீட்டிலை பாத்துக்கொண்டு இருந்திருப்பினம்."

மாமா நிறுத்தவில்லை. மண்மூட்டைகளுக்குப் பின்னால் நின்றவர்களும் நிறுத்தச் சொல்லவில்லை. மொழி விளங்காவிட்டாலும் அந்த இசை யாருக்கும் விளங்கும். நடுப்பாதையில் ஒருவரும், மேசைக்குப் பக்கத்தில் இருவருமாக, போன் சாச்சும் எப்படியோ தாங்கிவிட, கடைசிப் பெயர் வரைக்கும் அவர்கள் நின்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு மாமா வீட்டுக்கு வந்தார்.