ரெய்னோ மாமா குடித்த கடிதங்கள்

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஐலியின் வீட்டில் மூன்று பேர் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா, ஐலி, அப்புறம் அந்தப் புதுக் கணினி.

புதிது என்றால் அவர்களுக்குப் புதிது. ஐலியின் பள்ளிக்கூடம் அதை ஐந்து வருடம் கசக்கிப் பிழிந்துவிட்டு, கோடை விடுமுறைக்கு முன்னால் மலிவாகத் தள்ளிவிட்டிருந்தது. உள்ளே இருந்த விசிறி மாவு மில் மாதிரி சத்தம் போட்டது. ஆனால் திரையில் கோடு விழவில்லை, அதுவே பெரிய விஷயம்.

பழைய கணினியை ரெய்னோ மாமா அன்று காலையிலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாமா, அம்மாவின் அண்ணன். இரண்டு தெரு தள்ளிப் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். உதிரிப் பாகங்களின் படங்களைப் பார்க்க ஒரு கணினி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். சீட்டாடத்தான் கேட்டார் என்பது அம்மாவின் கட்சி.

புதுக் கணினியில் மின்னஞ்சலைக் கொண்டுவரத்தான் இவ்வளவு பாடு. ஊர்த் தொலைபேசி நிறுவனம்தான் அவர்களுக்கு இணையமும் கொடுத்தது, மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. எப்படி அமைப்பது என்று ஒரு தாளும் கொடுத்திருந்தது. ஐலி தாளைப் படிக்க, அம்மா தட்டினாள். வருகிற கடிதத்துக்கு ஒரு சர்வர் பெயர், போகிற கடிதத்துக்கு வேறொரு சர்வர் பெயர். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் கடவுச்சொல் தவறு என்றது. மறுபடியும் தவறு என்றது. ஐந்தாவது முறை அம்மா இரண்டு கைகளிலும் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதுதான் பெரிய எழுத்துக்கான பொத்தான் அழுந்திக் கிடப்பதை ஐலி பார்த்தாள்.

ஏழு மணிக்கு அம்மா தனக்குத்தானே ஒரு கடிதம் அனுப்பினாள். "வந்துவிட்டாயா?" என்று எழுதினாள். கால் நிமிடத்தில் அது திரும்பி வந்து நின்றது. இரண்டு பேரும் கை தட்டக்கூடத் தெம்பில்லாமல் சிரித்தார்கள்.

அந்தப் பெட்டிக்குள் வரவேண்டிய கடிதங்களில் அப்பாவுடையவைதான் முக்கியம். அப்பா டேல், கடல்போல் பரந்த சுப்பீரியர் ஏரியில் இரும்புத் தாது ஏற்றிப் போகும் கப்பலில் சமையல்காரர். ஏரியின் பனி உருகும்போது போனால், மறுபடி உறையும்போதுதான் வீடு திரும்புவார். கைபேசியைப் போன மாதம் சூப்புப் பானைக்குள் போட்டுவிட்டார். கப்பலின் தொலைபேசி அவசரத்துக்கு மட்டும். அலுவல் அறையில் இருக்கும் கணினிதான் அவருக்கு மிச்சம். வேலை ஓய்ந்த நேரமாகப் பார்த்து அதில் நாலு வரி எழுதுவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படி நாலு வரி வந்தது. "வியாழக்கிழமை தாது ஏற்ற மார்க்வெட் துறைமுகத்துக்கு வருகிறோம். ஒரு சமையலுக்கும் அடுத்த சமையலுக்கும் நடுவில் எனக்கு அரை மணி நேரம் கிடைக்கும். மணி எத்தனை என்று தெரிந்ததும் எழுதுகிறேன்."

ஒன்பது வாரமாக அவர்கள் அப்பாவைப் பார்க்கவில்லை. ஐலி அந்தக் கடிதத்தை ஏழு தடவை படித்தாள். அம்மா உடனே, "எழுது, காத்திருக்கிறோம்" என்று பதில் போட்டாள்.

திங்கட்கிழமை ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அம்மா ராத்திரி முழுதும் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு, காலை எட்டரைக்கு வந்து படுப்பாள். விசிறிச் சத்தத்தில் அவள் விழித்துக்கொள்ளக் கூடாது என்று காலையில் அவள் வருமுன்பே ஐலி கணினியை அணைத்துவிடுவாள்; அது ராத்திரியில் மட்டும் ஓடிக் கடிதங்களை வாங்கும். சாயங்காலம் எழுந்து முதல் வேலையாக அதைப் போடுவாள். செருப்பு விளம்பரம் இருக்கும், மெத்தை விளம்பரம் இருக்கும். அப்பா இருக்க மாட்டார்.

மணி தெரியாமல் கிளம்பவும் முடியாது. மார்க்வெட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம். கப்பல் விடியற்காலையிலும் வரும், நடுராத்திரியிலும் வரும். அது என்ன பேருந்தா, நின்று காத்திருக்க?

புதன்கிழமை ரெய்னோ மாமா சாப்பிட வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. சனிக்கிழமையிலிருந்து ஒரு பொட்டுத் தூக்கமில்லை என்று புலம்பினார்.

"எனக்கு மூடின கண்ணைத் திறக்க முடியலை. உனக்குத் திறந்த கண்ணை மூட முடியலை. ஆளுக்குப் பாதியாப் பங்கு போட்டுக்கலாமா அண்ணா?" என்றாள் அம்மா.

அவர் போனபின் அம்மா மறுபடி கணினியைப் பார்த்தாள். விளம்பரம் ஒன்று பல்லை இளித்தது.

"உங்கப்பாவுக்கும் அலுப்பா இருக்கும். விடு," என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு வேலைக்குப் போகும் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டாள். ஐலிக்கு அழுகை வந்தது. அம்மா அழுதிருந்தால்கூடத் தேவலை. இந்த 'விடு'வைத்தான் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை அம்மா தூங்கப் போகும்முன், முடிந்தால் தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐலி சமையலறையில் உட்கார்ந்து கூப்பிட்டாள். வரிசையில் இருக்கிறீர்கள் என்று ஒரு குரல் சொன்னது. அப்புறம் ஒரு பாட்டு. அதே பாட்டு திரும்பத் திரும்ப, ஒரு மணி நேரம். கடைசியில் பாட்டே அலுத்துப்போன மாதிரி இழுத்தது.

"உதவி மையம், டார்லீன் பேசறேன்." அந்தக் குரல் பாட்டைவிடக் களைத்திருந்தது. ஐலி விஷயத்தைச் சொன்னாள். டார்லீன் எதையோ பார்த்துப் படித்தாள். "முதல்ல கம்ப்யூட்டரை அணைச்சுடுங்க."

"அது அணைஞ்சுதான் இருக்கு."

மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. படித்துக்கொண்டிருந்த தாளில் அதற்கு மறுமொழி இல்லை போலிருக்கிறது.

தினமும் காலையில் வீட்டுக்கு வரும்போது அம்மாவின் குரலும் இப்படித்தான் இருக்கும். "உங்களுக்கு ரொம்ப முடியலைன்னு தெரியுது. நான் அவசரப்படுத்தலை. தண்ணி குடிச்சுட்டு வாங்க, இருக்கேன்," என்றாள் ஐலி.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது டார்லீன் வேறு ஆளாக இருந்தாள். "காலையிலேருந்து இதைச் சொன்ன முதல் ஆள் நீதான் கண்ணு. இரு, இந்தத் தாளை மூடி வெச்சுட்டு நேரா உங்க பெட்டியையே பார்க்கறேன்."

கொஞ்ச நேரம் தட்டினாள். "பெட்டி காலி. ஆனா லெட்டர் வராம இல்லை, வருது. வந்த பத்து நிமிஷத்துல உங்க ஆளே வந்து எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க. வாசல் பெட்டியில தபால்காரர் போட்டதை ஒருத்தர் எடுத்துட்டா, அடுத்து வர்றவங்களுக்கு ஒண்ணும் இருக்காதில்லையா, அது மாதிரிதான். இப்போகூட எட்டு நிமிஷம் முன்னாடி எடுத்திருக்காங்க. பாஸ்வேர்டெல்லாம் சரியாச் சொல்லித்தான்."

நன்றி சொல்லிப் போனை வைத்தாள் ஐலி. எட்டு நிமிடத்துக்கு முன்னால் அவள் இங்கேதான் இருந்தாள். கணினி அணைந்திருந்தது, அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அப்படியானால் எடுத்தது யார்?

அவள் அம்மாவின் அறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். பிறகு கணினியைப் போட்டாள். இந்த வாரம் வந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விளம்பரம் என்று யாரும் மதிக்காத கடிதங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் வந்த நேரம் இருந்தது.

சாயங்காலம் ஆறு இருபது. இரவு பதினொன்று. விடிகாலை ஐந்து. காலை ஏழு நாற்பது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாள் முழுதும் வந்திருந்தது. மற்ற நாட்களில் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை ஒன்றுகூட இல்லை.

எட்டு மணிக்கு வேலைக்கு வந்து, ஆறு மணிக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எடுக்கும் திருடன் யார்? ஐலி ஜன்னல் வழியே வெறித்துப் பார்த்தாள். அந்த நேரங்களை அவள் எங்கேயோ படித்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை, நூறு தடவை. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. 'ரெய்னோ பழுதுக்கடை. காலை 8 முதல் மாலை 6 வரை. ஞாயிறு விடுமுறை.'

கணினியை அணைத்துவிட்டு ஓடினாள்.

மாமா சீட்டாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு புல்வெட்டி வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு கிடந்தது. ஐலி வாயைத் திறக்கும்முன் பழைய கணினி 'டிங்' என்றது. மாமா உடனே எழுந்து போய் ஒரு கோப்பை காபி ஊற்றிக்கொண்டார்.

"மாமா, அது என்ன சத்தம்?"

"அதுவா? காபி மணி. நல்ல மெஷின். எப்போ காபி குடிக்கணும்னு அதுவே சொல்லிடுது. ஆனா கொஞ்சம் கறார். நேத்து மட்டும் பதினாலு."

அந்த ஊரில் காபியை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஊற்றினால் குடிக்க வேண்டும், அதுதான் மரியாதை. மாமா கணினிக்கும் அந்த மரியாதையைக் கொடுத்திருக்கிறார்.

திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கடித உறை மின்னிக்கொண்டிருந்தது. ஐலி அதை அழுத்தினாள். அம்மாவின் பழைய அஞ்சல் பெட்டி விரிந்தது. கணினியைப் போட்டதுமே அதுவும் திறந்துகொள்ளும்படி அம்மா எப்போதோ வைத்திருந்தாள். கணினியைக் கொடுக்கும்போது அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது சர்வருக்குப் போய், இருந்ததையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

படிக்காத கடிதங்கள் அறுபத்து மூன்று. அதில் அப்பாவுடையவை நான்கு.

திங்கள்: "மணி நாளைக்குத் தெரியும்." செவ்வாய்: "வியாழன் மதியம் இரண்டரை. துறையின் வாசல் கதவருகே நிற்பேன்." புதன்: "பதில் இல்லையே, எல்லாரும் நலம்தானே?" கடைசியாக இன்று காலை எட்டரைக்கு, அம்மாவைப் பெயர் சொல்லி: "இர்மா, நீ எவ்வளவு களைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். வர முடியாவிட்டால் பரவாயில்லை. இரண்டரைக்கு நான் எப்படியும் கதவருகே நிற்பேன்."

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். காது வரை சிவந்துபோனார். "அடக் கடவுளே. டேல் எழுதின லெட்டரையா நான் குடிச்சுக்கிட்டிருந்தேன்?"

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. நேரம் இருந்தது. ஆனால் அம்மா படுத்து நான்கு மணி நேரம்தான் ஆகிறது. இன்று ராத்திரியும் அவளுக்கு வேலை. எழுப்பினாலும் இந்தக் களைப்பில் எப்படி வண்டி ஓட்டுவாள்? ஐலி அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஓட்டறேன். இன்னிக்கு இந்த ஊர்லயே நல்லா முழிச்சுக்கிட்டிருக்கிற ஆளு நான்தான்," என்றார் மாமா.

ஐலி பழைய கணினியை அணைத்தாள். வீட்டுக்கு ஓடி, தலையணையையும் போர்வையையும், வாசலில் வந்து நின்ற மாமாவின் வண்டியில் பின் இருக்கையில் விரித்தாள். அதற்கப்புறம்தான் அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"அம்மா, அப்பா ரெண்டரைக்கு வர்றார். நாலு லெட்டர் எழுதியிருக்கார். நீ இங்கேருந்து வண்டி வரைக்கும் நடந்தாப் போதும். வண்டியில தூங்கலாம்."

அம்மா ஒரு கண்ணைத் திறந்தாள். "நாலா?" என்று மட்டும் கேட்டாள். போர்வை விலகியது. ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் பூட்ஸுமாக அவள் வண்டிக்கு நடந்தாள்.

வழியெல்லாம் அம்மா தூங்கினாள். மாமா மெல்லிய குரலில் தன் கவலையைச் சொன்னார். அம்மாவின் அஞ்சல் பெட்டியை எடுத்துவிட்டால் இனிமேல் அவருக்குக் காபி நேரம் யார் சொல்வது? அவர் பெயரில் ஒரு முகவரி வாங்கி, தானே தினமும் இரண்டு கடிதம் போடுவதாக ஐலி வாக்குக் கொடுத்தாள். பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. அதற்கு மேல் கிடையாது. மாமா கொஞ்சம் பேரம் பேசிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

துறையில் கப்பல் ஒரு தெரு நீளத்துக்கு நின்றது. தாது சரியும் ஓசை இடிபோலக் கேட்டது. வாசல் கதவருகே சமையல் ஏப்ரனோடு ஒருவர் நின்றிருந்தார். கையில் ஒரு பொட்டலம். வருவார்களா மாட்டார்களா என்று தெரியாமலே அவர்களுக்காக ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்து வந்திருந்தார் அப்பா.

நாலு நாளாக அம்மாவுக்குத் தன்மேல் கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, குடித்த கணக்கு முழுவதையும் ஒப்புக்கொண்டார். அப்பா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

வண்டியின் பின்பலகையைத் திறந்துபோட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். அம்மா அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். கப்பலில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஒரே வேளையில் பதினெட்டு பான்கேக் சாப்பிட்ட கதையை அப்பா ஆரம்பித்தார். பாதியில் குனிந்து பார்த்தார். அம்மாவின் கண் மூடியிருந்தது.

அப்பா குரலைத் தாழ்த்தினார். பிறகு நிறுத்தியே விட்டார். மீதி இருந்ததே பதினைந்து நிமிடம். எழுப்பட்டுமா என்று ஐலி சைகையில் கேட்டாள். அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நான் தூங்கலை," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. "நாலு நாள் பேச்சு பாக்கி இருக்கு. நிறுத்தாம பேசு."

அப்பா முதல் பான்கேக்கிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.