விரல் வைத்த சம்மதம்

வானத்தைத் தேர்ந்தெடுக்காமல் நல்லதம்பி படுக்கையை விட்டு எழுந்ததே இல்லை. அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்டது ஐப்பசி மாதத்து மழை வானம். கண்ணுக்குள் பதித்திருந்த விழிச்சில்லு அதை உடனே கூரையில் விரித்தது. உண்மையில் அவர் தலைக்கு மேலே இருந்தது பதினாறு கிலோமீட்டர் பனி. வியாழனின் நிலவான யூரோப்பாவில், பனிக்கு அடியில் கிடந்த கடலுக்குள், ஆழியூரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாழ்ந்தார்கள். ஆளுக்கொரு வானம் வைத்திருந்தார்கள்.

அவர் மனைவி இளவெயினிக்கு மட்டும் வானம் இல்லை. ஏழு மாதங்களுக்கு முன் அவள் உடம்பு விழிச்சில்லை ஏற்க மறுத்துவிட்டது. இரண்டு முறை மாற்றி வைத்தார்கள். இரண்டு முறையும் கண் வீங்கிப் புண்ணாயிற்று. மூன்றாவது முறை வைத்தால் மூளைக்கு ஆபத்து என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். நாற்பத்து மூன்று வயதில் உலகம் மெல்ல அணைந்தது.

முதலில் ஒலிவாசகன் என்ற சிறு கருவியைக் காதில் மாட்டிக்கொண்டாள். எதைக் கொடுத்தாலும் அது ஒரே உற்சாகத்தோடு படித்தது. பூமியிலிருந்து அவள் அக்கா ஒரு கடிதம் எழுதியிருந்தாள்; அத்தான் போய்விட்டார் என்ற செய்தி. அதையும் பண்டிகை வாழ்த்து மாதிரி அது குதூகலமாக வாசித்தபோது, இளவெயினி கருவியைப் பிடுங்கி எறிந்தாள்.

"எனக்கு யாரும் வாசிச்சுக் காட்ட வேணாங்க. எங்க அக்கா எழுதினதை நானே படிக்கணும்."

நல்லதம்பி கிடங்கு கிடங்காக அலைந்து ஒரு புள்ளிப்பலகையைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலம்தான். தொட்டால் ஊசிமுனை அளவு புள்ளிகள் எழும், அமிழும். பார்வையற்றவர்களுக்கென்று பூமியில் உண்டான பழைய எழுத்து அது. கற்றுக்கொள்ளும் பாடங்களும் பலகைக்குள்ளேயே இருந்தன.

ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளி. 'அ' என்றால் ஒரே ஒரு புள்ளி. அது அவளுக்குப் பிடித்திருந்தது. மற்றதெல்லாம் விரலுக்கு அடியில் கடுகு சிந்தியதுபோல் இருந்தது. எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பு இங்கே பின்னால் வந்தது. மெய்யெழுத்தின் தலையில் உட்காரும் புள்ளி தனிக் கட்டமாக இறங்கி முன்னால் வந்து நின்றது. ஒரு புள்ளி விட்டுப்போனால் 'படி' என்பது 'மடி' ஆகிவிடும். பலகையை மடியில் கவிழ்த்துவிட்டு எத்தனையோ முறை அழுதாள். மறுபடி நிமிர்த்தினாள்.

மூன்றாம் மாதம் ஒரு கனவு வந்தது. நீட்டிய கையில் மழை பெய்கிறது. துளிகள் ஆறு ஆறாக விழுகின்றன. மழை என்ன சொல்கிறதென்று அவளுக்குப் புரிகிறது. விழித்ததும் பலகையை எடுத்தாள். அக்காவின் கடிதம் விரலடியில் ஓடியது. 'அவர் சட்டையைத் துவைக்க மனசு வரலடி' என்ற வரியில் விரல் நின்றது. அங்கேயே நெடுநேரம் இருந்தது. எந்தக் குரலும் குறுக்கே வரவில்லை.

ஐந்தாம் மாதம் வாழ்வொப்பந்தம் வந்தது. ஆழியூரை நிர்வகித்த குடியேற்ற வாரியம் பத்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும். அறுபது நாளுக்குள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் செல்லாது. ஒப்பந்தம் ஒவ்வொருவர் கண்ணுக்குள்ளும் தோன்றியது. இரண்டு முறை சிமிட்டினால் சம்மதம். பல் துலக்கிக்கொண்டே பலர் சிமிட்டி முடித்தார்கள். பார்வையற்றவருக்கு மட்டும் முழு வாசகத்தையும் புள்ளியெழுத்தில் தரவேண்டும் என்று எப்போதோ எழுதிய சட்டம் ஒன்று இருந்தது. இளவெயினியின் பலகைக்கு முந்நூற்று நாற்பது பக்கம் வந்து சேர்ந்தது.

முதல் பக்கத்துக்கே ஒரு நாள் ஆயிற்று. பிறகு விரல் பழகியது.

"இன்னுமா படிக்கிற? ஊரே அன்னிக்கே சிமிட்டிடுச்சு. உனக்காகத்தான் காத்திருக்காங்களாம்" என்றார் நல்லதம்பி.

"நீங்க படிச்சீங்களா?"

"அதை யாரு படிப்பா வெயினி? எப்பவும் வர்றதுதானே."

வாரியத்தின் பிரதிநிதி வாகீசனே வீட்டுக்கு வந்துவிட்டார். "அம்மா, சுருக்கம் நாப்பது நொடிதான். கேட்டுட்டு விரலை வச்சிடுங்களேன்."

"கத்துக்கிட்ட எழுத்துக்கு இதுதான் சார் எனக்குக் கிடைச்ச முதல் புத்தகம். முடிச்சிட்டு வைக்கிறேனே."

ஐம்பத்தோராம் நாள், இருநூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. தவறாகப் படிக்கிறோமோ என்று மூன்று முறை தடவினாள். புள்ளிகள் மாறவில்லை. 'பொருட்கப்பல் தாமதமானால் குடியிருப்போர் அனைவரையும் பேழைகளில் உறங்க வைக்க வாரியத்துக்கு உரிமை உண்டு. கப்பல் வரும்வரை உறக்கம் நீடிக்கும்.' அடிக்குறிப்பு இன்னும் சிறிய செய்தி ஒன்றைச் சொன்னது: அடுத்த கப்பல் பத்தொன்பது ஆண்டு தாமதம்.

சதுக்கத்தில் நின்று அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். கூட்டம் வாகீசனைச் சூழ்ந்துகொண்டது. "சம்பிரதாயமான வரிதாங்க அது" என்று அவர் சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. இளவெயினி விரல் வைக்கவில்லை. அறுபதாம் நாள் கழிந்தது. ஒப்பந்தம் செல்லாமல் போனது.

மறுநாள் ஆழியூர் திருவிழாக் கோலம் பூண்டது. கடற்பாசியில் மாலை கட்டிப் போட்டார்கள். இனி எந்தக் காகிதம் வந்தாலும் இளவெயினி படித்துச் சொன்ன பிறகுதான் என்று முடிவெடுத்தார்கள். 'ஊர்வாசகர்' என்று புதிய பதவி ஒன்றை வாரியமே பெருந்தன்மையோடு உண்டாக்கியது. வாகீசன் மேடையில் நியமன ஆணையை அவள் பலகையில் ஏற்றிக் கொடுத்தார்.

"கீழே விரலை வைங்கம்மா. எல்லாரும் காத்திருக்காங்க."

நானூறு பேர் கைதட்டினார்கள். நல்லதம்பி அவள் பெயரைச் சொல்லிக் கூவினார். வாழ்நாளில் யாரும் அவளுக்காக இப்படிக் கைதட்டியதில்லை. நெஞ்சு நிறைந்து அவள் விரலை வைத்தாள்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தபோது, தன் பதவியின் பெயரை ஒருமுறை தொட்டுப் பார்க்க ஆசை வந்தது. பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். புதுப் பெயர் முதல் வரியில் அழகாக எழும்பி நின்றது. விரல் தானாகக் கீழே இறங்கியது. ஏழாம் வரி: 'ஊர்வாசகரின் சம்மதம் ஊரார் அனைவரின் சம்மதமாகும்.' எட்டாம் வரி: 'வாழ்வொப்பந்தம் முன்பிருந்தபடியே இந்த விரற்பதிவோடு நடைமுறைக்கு வருகிறது.'

வெளியே கைதட்டல் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தது. காற்றுக்குழாயிலிருந்து உறக்க மருந்தின் இனிப்பு மணம் மெல்ல இறங்கியது.

"என்ன வெயினி, ரொம்பப் பெரிய ஆணையா?" கொட்டாவியோடு கேட்டார் நல்லதம்பி.

"இல்லீங்க, பதினோரு வரிதான். படிக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது" என்றாள் அவள்.