எல்லப்பனின் முத்திரை

ஆரணியின் பழைய தபால் நிலையத்துக்கு அது கடைசி நாள். அறுபதுகளில் கட்டியது. தூணே இல்லாமல் வாசலுக்கு நீளும் கூரை, வெயிலை மறிக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கான்கிரீட் பலகைகள். பட்டுப் பார்சல் மலையாகக் குவிந்த காலத்தில் ஊருக்கே பெருமை அது. இப்போது பசையும் எலிப் புழுக்கையும் நாறின. மேசை நாற்காலி எல்லாம் வாடகைக் கட்டடத்துக்குப் போய்விட்டன.

மழை இருட்டில் கதவைப் பூட்டினாள் தேவகி. வந்தவாசியிலிருந்து மாற்றலாகி இரண்டே மாதம் ஆன போஸ்ட் மாஸ்டர். மனசு வீட்டில் கிடந்தது. மகள் சங்கீதாவுக்கு நிறைமாதம். இரண்டு தங்காமல் போய், இது மூன்றாவது.

ஏதோ தோன்றிக் கதவைத் தொட்டாள். "வரேன்" என்றாள்.

தபால்காரர் கோபிநாத்தின் முகம் வெளுத்தது.

"இன்னா மேடம் இப்டி பண்ட்டீங்க? சாவு விழுந்த எடத்துல வரேன்னு சொல்லலாங்களா? நாங்க பேசாமதான கெளம்புவோம்."

தினமும் அவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போவதைத் திமிர் என்றல்லவா நினைத்திருந்தாள்.

"எல்லப்பன்னு ஒருத்தரு, முத்திரை குத்திகினே சாஞ்சிட்டாரு. நாப்பது வருசம் ஆச்சி. கைல இருந்த முத்திரை இன்னிக்கி வரைக்கும் கெடைக்கல."

பூட்டிய கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

டப்.

இங்க் பேடில் ஒரு குத்து.

டப்.

காகிதத்தில் ஒரு குத்து. உள்ளே துண்டுக் காகிதம்கூட இல்லை.

கதவிடுக்கில் ஈர மை வாசனை. அதோடு ஒரு கிசுகிசுப்பு.

"நானும் வரேன்மா."

"ஜல்தி போங்க மேடம்" என்றார் கோபிநாத்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினாள். சங்கீதா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் தேவகிக்கு உயிர் வந்தது.

"இப்பதாம்மா ஒரு தாத்தா வந்தாரு. போஸ்டாபீசாம். நீ கூப்ட்டன்னாரு. தண்ணி குடுத்தேன்."

"போயிட்டாரா?"

"வரேன்னு சொல்லிட்டுப் போனாரு."

சங்கீதாவின் நைட்டியில், வயிற்றின் மேல், வட்டமாகக் கறுப்பு மை. தேவகி துணியை விலக்கினாள். தோலிலும் இருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. விளக்கைப் போட்டுக் குனிந்து படித்தாள்.

ஆரணி. அதன் கீழே நாளைய தேதி.