அட்டை வீட்டின் பின்கதவு

மாலை வகுப்பில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அளவுகோல். எதையும் வெட்டுமுன் மூன்று தரம் அளப்பாள். வெட்டிய பிறகு நாலாவது தரம் அளந்து, தப்பாகிவிட்டதோ என்று முழிப்பாள். மாதிரிக் கட்டடங்கள் செய்யும் அந்த வகுப்பில் அவளைத் தேடி வந்த முதல் வேலை, கடிகாரம் பழுதுபார்த்து ஓய்ந்த ஒரு பெரியவருடையது. அவருடைய பொம்மை ரயில் பாதைக்கு ஒரு வீடு வேண்டும். அதை முடித்து, செருப்புப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் அவருடைய மாடிப்படி ஏறினாள்.

மாடியறையை ஒரே மேசை அடைத்திருந்தது. அதன்மேல் தண்டவாளம், நிலையம், தண்ணீர்த் தொட்டி, கம்பியில் முறுக்கிய மரங்கள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பசையும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. அதற்கும் அடியில், அணைந்த அடுப்பை மறுநாள் கிளறினால் வருமே, அந்த வாடை.

பெரியவர் வீட்டை இரு கைகளாலும் வாங்கி, பாதையோரம் வைத்தார். மனைவியோடு அவர் குடியிருந்த வீடு அது. அவர் கடையில் இருந்த ஒரு மத்தியானம் தீப்பிடித்தது. மனைவி வெளியே வரவேயில்லை. மிஞ்சிய புகைப்படங்களைப் பார்த்து ஓடு ஓடாக, செங்கல் செங்கலாக அட்டையில் கீறிச் செய்திருந்தாள் அளவுகோல்.

"அச்சு அசல் அதேதாம்மா," என்றவர் குனிந்து காதை வைத்தார். "கேக்குதா?"

கேட்டது. நகத்தால் அட்டையைத் தட்டுவதுபோல், உள்ளேயிருந்து.

"பசை காயுது சார். அட்டை இழுக்கும்போது இப்படிச் சத்தம் வரும்."

"பசை என்ன, விருந்தாளியா? கதவ மட்டும் பாத்துத் தட்டுது."

சத்தம் பின்கதவிலிருந்துதான் வந்தது. அது கதவே இல்லை. சின்ன வீடுகளில் கதவை வெட்டித் திறப்பதில்லை. சுவரில் கோடு கீறி வண்ணம் பூசினால் கண்ணுக்குக் கதவாகிவிடும். வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

"கடைசில அவ ஓடினது இந்தக் கதவுக்குத்தான்," என்றார் பெரியவர். "நாளைக்கு எம்பொண்ணு கார் எடுத்துட்டு வர்றா. வீடு முடிஞ்சா அவகூடப் போயிடறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். இவள உள்ள வெச்சுட்டு எப்படிம்மா போவேன்?"

மகளும் போனில் அந்த வாக்கைச் சொல்லிக் கெஞ்சியிருந்தாள்: எப்படியாவது முடிச்சுக் குடுங்க, தனியா இருந்து இருந்து அவர் பாதி ஆளாயிட்டார்.

ஒரு கதவுதானே. மனிதர் நிம்மதியாகக் கிளம்பட்டும்.

அவள் கத்தியை எடுத்து, கீறிய கோட்டிலேயே வெட்டினாள். காகிதத்தில் ஒரு கீல் ஒட்டினாள். தட்டுவது நின்றது.

விரல் முட்டியில் சூடாகக் காற்றுப் பட்டது.

விளக்குச் சூடு என்று சொல்லிக்கொண்டாள். வீட்டைச் சுற்றியும் மேசை விளிம்புவரையும் மண்சாலைக்காக வெண்பொடியைச் சலித்துத் தூவினாள். மறுநாள் பசைநீர் தெளித்து இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

மறுநாள் மாலை பெரியவர் சவரம் செய்து, பையைக் கட்டி வைத்திருந்தார். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

"போயிட்டாம்மா. பாரு, தடம். எங்க போனாலும் என்னை விட்டுட்டு விறுவிறுன்னு முன்னாடி நடப்பா. இப்பவும் அப்படித்தான்."

பின்கதவு திறந்திருந்தது. வெண்பொடியில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். கரப்பானாக இருக்கும் என்று பூதக்கண்ணாடியை வைத்தாள்.

ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்கள்.

பழக்கதோஷத்தில் அளவுகோலை வைத்தாள். அந்த வீட்டில் எல்லாமே நிஜ அளவில் எண்பத்தேழில் ஒரு பங்கு. பெருக்கிப் பார்த்தாள். தப்பு. மறுபடி அளந்தாள். மறுபடி பெருக்கினாள்.

ஒரு முழம். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளும் பாதம்.

"என்னம்மா கணக்கு?"

"ஒண்ணுமில்ல சார். நான்தான் தப்பா அளந்திருப்பேன்."

அவர் கடிகாரம் பழுதுபார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"அவ கால் சின்னக் கால்மா," என்றார் மெல்ல. "கடையில சின்னப் புள்ளைங்க செருப்புதான் சரியா இருக்கும்."

அப்போது அட்டை வீட்டுக்குள் தட்டும் சத்தம் கேட்டது.

நேற்றுப்போல் இல்லை. கதவிலிருந்து தள்ளி, உள்ளே ஒரு மூலையிலிருந்து. கேட்டுவிடக் கூடாதவர்கள் பக்கத்தில் இருப்பதுபோல, பதுங்கி.

"அப்போ நேத்து கதவத் தட்டினது?"

அவர் விரலால் தடங்களைத் தொடர்ந்தார். தடங்கள் நிலையத்தைத் தாண்டி, தண்டவாளத்தைக் கடந்து, மேசை விளிம்புவரை போயிருந்தன. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

கீழே கார் வந்து நின்றது. சற்றைக்கெல்லாம் படியில் மகளின் குரல் ஏறி வந்தது.

"அப்பா, கிளம்பலாமா? கூட இன்னொருத்தர் வர்றார்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் நிறுத்தினதுமே பின்சீட்டுல ஏறி உக்காந்துட்டார். பாவம், தலை இடிக்குதுன்னு மடங்கிக் குனிஞ்சே இருக்கார்."

பெரியவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அட்டை வீட்டின் பின்கதவு, உள்ளிருந்து யாரோ இழுத்ததுபோல், ஓசைப்படாமல் சாத்திக்கொண்டது.