மாமாவின் கரி ஃபில்டர்

"அய்யோ... கர்த்தாவே!"

தங்கபாயின் அலறலில் பேச்சிப்பாறை ரப்பர் தோட்டமே விழித்துக்கொண்டது.

கட்டிலில் கணவர் ரசலையன்... மூச்சு இல்லை!

ஜீப்பில் வந்து இறங்கினாள் இன்ஸ்பெக்டர் சுஜா.

"ஹார்ட் அட்டாக்கு மேடம்" என்றான் ரசலையனின் அக்காள் மகன் ஸ்மைலின். கண்ணில் சொட்டு ஈரம் இல்லை. "இல்லேன்னா... மாமி குடுத்த காப்பியில எதாவது..."

"ஏலே! எனக்க காப்பியிலயா?" தங்கபாய் பதறிப்போனாள்.

சுஜா முகர்ந்து பார்த்தாள். அறையில் ஒரு மணமும் இல்லை. ரப்பர் புகை ஒத்துக்கொள்ளாத ரசலையன் வாங்கி வைத்த ஏர் பியூரிஃபையர் மட்டும் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"சிரட்டைக்கரி ஃபில்டர் மேடம். காத்துல உள்ளதையெல்லாம் உறிஞ்சி வச்சிரும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான் ஸ்மைலின். என்ன ஒரு புத்திசாலி!

"அப்ப லேபு ஆளுவ வந்து எடுக்கட்டும். யாரும் தொடப்படாது. தங்கபாயம்மா, நீங்க எங்கயும் போவப்படாது."

ஸ்மைலினுக்கு வேர்த்தது. மாமாவின் மூக்கில் குளோரோஃபார்ம் துணியை அமுக்கியவன் அவன்தானே! அந்த மணம் முழுக்க இப்போது கரிக்குள்!

ஃபில்டர் காணாமல் போனால் சந்தேகம் வரும். சுத்தமாக்கித் திரும்ப வைத்தால்...? பழி காப்பிக்கு. மாமி ஜெயிலுக்கு. பிள்ளை இல்லாத மாமாவின் தோட்டம் இவனுக்கு!

போனைத் தட்டிப் பார்த்தான். கரியைச் சூடாக்கினால் உறிஞ்சியதெல்லாம் வெளியேறி, பழையபடி புதுசாகிவிடுமாம்.

சூட்டுக்கா பஞ்சம்? ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரை கொல்லையிலேயே இருக்கிறதே!

எல்லோரும் உடலை ஆம்புலன்சில் ஏற்றிய சமயம் ஃபில்டரோடு நழுவினான். அடுப்பை மூட்டினான். ஃபில்டரைச் சூட்டில் பிடித்தபடி, கரி தீப்பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்திலேயே குத்தவைத்தான்.

ரப்பர்க்காரன் வீட்டுப் பிள்ளை அல்லவா... சூடு வீணாகக் கூடாதென்று கதவை இறுக்கிச் சாத்தினான்!

கரி சொன்னபடி கேட்டது. உறிஞ்சியதையெல்லாம் கக்கியது. போக வழியில்லாமல் அது அங்கிருந்த ஒரே மூக்கைத் தேடிப் போனது.

மறுபடியும் தங்கபாயின் அலறல்! புகைப்புரையில் புகை கண்டு போனவள், உள்ளே சுருண்டு கிடந்தவனை வெளியே இழுத்துப் போட்டிருந்தாள்.

"இவனுக்கும் ஹார்ட் அட்டாக்கா?" ஓடி வந்த சுஜா, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். "குளோரோஃபார்ம்! கையில ஃபில்டர் வேற... லேபுக்கே வேல வைக்கலியே நீ!"

ஸ்மைலின் கண் திறந்தபோது கையில் விலங்கு.

"மாமி... தொண்ட காயுது... குடிக்க எதாவது..."

தங்கபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காப்பி இருக்கு மக்கா... தரட்டா?"