வெளிச்சத்தில் தூங்கிப் பழகுதல்

காலையில் ஊதி வைத்துவிட்டுப் போன காற்றுத் தலையணையின் நடுவில், ஒரு தலை அழுந்தின குழி இருந்தது.

இருதயராஜ் கூடாரத்தின் வாசலில் மண்டியிட்டபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மாலை நாலரை மணி. திண்டிவனத்து மே மாத வெயில் மொட்டைமாடித் தளத்திலிருந்து இன்னும் கொதித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. புது ஆரஞ்சு நைலான் துணியின் மருந்து நெடிக்கு அடியில் இன்னொரு வாசனையும் வந்தது. யாரோ நெடுநேரம் வியர்த்துப் புரண்டு தூங்கி எழுந்த போர்வையின் வாசனை. கூடாரம் நேற்றுதான் கூரியரில் வந்திருந்தது. அவன் அதில் இன்னும் ஒருமுறைகூடப் படுக்கவில்லை.

"மேரி! உள்ள பூந்து படுத்தியா நீ?"

அவன் மனைவி லூர்துமேரி கீழே சமையலறையிலிருந்து பதில் சொன்னாள். "நான் எதுக்குங்க அந்தப் பைக்குள்ள போய் வேகப் போறேன்? முட்டி வலியில படியே ஏறல."

பொய் சொல்கிறாள் என்று முடிவு செய்தான். அவளைப் பற்றி அவன் எடுக்கும் முடிவுகளுக்கு அதிக நேரம் ஆவதில்லை.

விழுப்புரத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவன் இயற்பியல் விரிவுரையாளன். ஜூன் பத்தாம் தேதி விமானம். கோபன்ஹேகனில் இறங்கி, வாடகைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்து, ஸ்வீடன், பின்லாந்து வழியாக நார்வேயின் வடகோடிக்குப் போய், கடலோரமாகவே திரும்பி வருவது. இருபத்தாறு நாள். ஓட்டல் கிடையாது, கூடாரம்தான். ஆறு மாதமாக இந்த வழித்தடத்தை அவன் கணினியில் வரைந்து வரைந்து அழித்திருந்தான். கூட வர யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தகுந்த ஆள் இந்த ஊரில் இல்லை என்பது அவன் எண்ணம். கல்லூரியில் உடன் வேலை பார்க்கும் இளைய விரிவுரையாளன் பிரான்சிஸ் தானாகவே வந்து, "சார், நானும் வரட்டுமா? எங்கிட்டயும் பாஸ்போர்ட் இருக்குது" என்று கேட்டபோது, ஆசிரியர் அறை முழுக்கக் கேட்கும்படி, "உனக்குச் செஞ்சிக் கோட்டைதாண்டா நார்வே. போய் செல்ஃபி எடுத்துக்கினு வா" என்றான். பிரான்சிஸும் சேர்ந்து சிரித்தான். சிரித்துவிட்டு, அன்று மதியம் சாப்பிட வரவில்லை.

இந்த ஒத்திகைக்கும் காரணம் இருந்தது. ஜூனில் அந்த வடகோடியில் சூரியன் அடங்குவதே இல்லை. நடுராத்திரியிலும் வெளிச்சம். வெளிச்சத்தில், மெல்லிய துணிக்குள், கண்ணைக் கட்டிக்கொண்டு தூங்க உடம்பு பழக வேண்டும். அதற்காகத்தான் தேர்வுப் பணி முடிந்து வந்ததும் மாடியில் இரண்டு மணி நேரம். தன் மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அப்பாதுரை எட்டிப் பார்த்து, "சார், வீட்டுல சண்டையா?" என்று கேட்டார். இருதயராஜ் ஜிப்பை இழுத்து மூடினான். கிணற்றுத் தவளைகள்.

அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் வந்தது. கறுப்புப் பட்டையைக் கண்ணில் கட்டிக்கொண்டு, வலப்பக்கம் ஒருக்களித்து, கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினான். கிழக்கிலிருந்து கடல்காற்று வந்து துணியை மெல்ல உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக இருந்தது, பெரிய மிருகம் ஒன்று மூச்சு விடுகிற மாதிரி. விழித்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கால்கள் மரத்திருந்தன.

கீழே போனான். லூர்துமேரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து ஒரு மாதிரி வெட்கத்தோடு சிரித்தாள். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரித்திருப்பாள் போல. அவனுக்கு நினைவில்லை.

"இப்ப பரவால்லங்க. தைலம் தேச்சேன்."

"எது?"

"நீங்கதானே மேலேர்ந்து கூப்ட்டுக் கேட்டீங்க. மேரி, முட்டி எப்படி இருக்குதுன்னு. ரெண்டு வாட்டி கேட்டீங்க."

"நான் தூங்கிக்கினு இருந்தேன்."

"உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

"காதைப் போய் டாக்டர்கிட்ட காட்டு," என்றான். அவள் முகத்தில் சிரிப்பு அணைந்தது. தோசை கருகியது. சாப்பிடும்போது தன் தொண்டையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டான், ஏனென்று தெரியாமல்.

மூன்றாம் நாள் மாடி ஏறத் தயங்கினான். தயங்கியது அவனுக்கே கேவலமாக இருந்தது. இயற்பியல் படித்தவன். ஆறாயிரம் கிலோமீட்டர் தனியாக ஓட்டப் போகிறவன். ஏறினான்; தலையணையைப் பார்க்காமல் படுத்தான்; பட்டையைக் கட்டினான்.

தூரத்தில் பேருந்தின் ஹாரன். எங்கோ மல்லாட்டைக் கடலை வறுக்கும் மணல் வாசனை. துணி உள்ளே வந்தது, வெளியே போனது. பிறகு துணி நின்றது. காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. அப்பாதுரை வீட்டுத் தென்னங்கீற்று சலசலப்பது கேட்டது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். வகுப்புக்குள் நுழையும் முன் அவன் செருமுவானே, அதே செருமல்.

பட்டையைப் பிடுங்கினான்.

மேற்குப் பக்கத் துணியில் ஒரு நிழல் படுத்திருந்தது. அவனைப் போலவே ஒருக்களித்து. கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு. முகத்துக்கு நேரே முகம். ஒரு விரற்கடை தூரம். அந்தப் பக்கம் கூடாரத்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. ஆள் படுக்க அங்கே இடமில்லை.

நிழல் எழுந்து உட்கார்ந்தது. அவனும் எழ நினைத்தான்.

எழ முடியவில்லை.

"மேரி," என்றது வெளியே அவன் குரல். அதே குரல்தான். ஆனால் கனிந்திருந்தது. "கொஞ்சம் மேல வாம்மா. மெதுவா ஏறு, அவசரமில்ல."

இருதயராஜ் கத்தினான். வாய் திறந்ததா என்று தெரியவில்லை. சத்தம் இல்லை. கையை ஜிப்புக்கு நீட்டினான். கை நீளவில்லை. குனிந்து பார்த்தான். கை இருந்த இடத்தில் சட்டைக் கை தட்டையாகக் கிடந்தது.

படியில் காலடி. ஒவ்வொன்றாக.

"இன்னாங்க?"

"இதை மடிச்சிடலாம். தனியா போறதுல என்ன இருக்குது? நீயும் வாயேன் மேரி."

"நானா? நார்வேக்கா?" சிரிப்பு. வாய்விட்டு. "பைக்ல குந்திக்கினா?"

"ஏன், குந்தமாட்டியா? பிரான்சிஸையும் கூப்பிட்டிருக்கேன். பாவம், ஆசையா கேட்டான்."

மேரி, அது நான் இல்லை. மேரி. அவன்...

ஒரு குச்சி உருவப்பட்டது. அடுத்த குச்சி. ஆரஞ்சு வானம் கீழே இறங்கி முகத்தில் படிந்தது; ஆனால் படியவில்லை. எது துணி, எது முகம் என்று தெரியவில்லை. இரண்டு ஜோடிக் கைகள் அவனைப் பிடித்து உதறின. தூசி பறந்தது.

"அந்தப் பக்கம் புடி. ஆங், அப்படித்தான். இப்ப பாதியா மடி."

முட்டியில் மடிந்தான். வலிக்கவில்லை. இடுப்பில் மடிந்தான். நெற்றி கணுக்காலில் பட்டது.

"இன்னும் காத்து இருக்குதுங்க உள்ள. புஸ்ஸுன்னு இருக்குது."

"ஏறி உக்காரு. அமுக்கு."

அவள் முழு பாரமும் ஏறியது. மூச்சு அவனை விட்டு வெளியேறியது, நீளமாக, கடைசி வரை. அவள் சிரித்துக்கொண்டே சுருட்டினாள். இறுக்கமாக. காற்றுக்குக்கூட இடமில்லாத இறுக்கம். பிறகு ஒரு முழ நீளப் பை. தலைப்பக்கம் மேலாக நுழைத்தார்கள்.

பையின் வாயில் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. வட்டத்தில் லூர்துமேரியின் முகம், வியர்த்து, சிவந்து, இருபது வருஷம் இளமையாகி. அவள் தோளுக்கு மேலே இன்னொரு முகம், அவன் முகம், அவள் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அவள் சிரித்தாள். அவனை நேராகப் பார்த்தபடியே கயிற்றின் முனையைத் தேடி எடுத்து, இரண்டு கையாலும் இழுத்தாள்.