பசிக்காத குட்டிகள்

“நவம்பர் 6, வியாழன், மாலை 4.10. ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். நேற்றுக் காலை பிடித்த செவலை நாயின் மடியை அழுத்திப் பார்க்காமலே ‘பால் இல்லை’ என்று எழுதினேன்.”

‘சின்ன’ என்பதை ஓவியா அடித்தாள்.

தான் படிக்கும் மாலை வகுப்பில் ஆசிரியர் சொன்னதிலிருந்து அவள் தினமும் ஒரு பக்கம் எழுதுகிறாள். பகலில் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் மையத்தில் பதிவேட்டு வேலை. இன்று ஆபரேஷன் மேஜையில் டாக்டர் தொட்டதும் செவலையின் மடியில் பால் கசிந்தது. “குட்டி எங்கயோ கிடக்கும்மா. ஆபரேஷன் வேண்டாம், பிடிச்ச இடத்துலயே உடனே கொண்டு விடுங்க” என்றார்.

ஒன்றரை நாளாகப் பாலில்லாத குட்டிகள். உயிரோடு இருக்குமா?

விஸ்வநத்தம் தாண்டி, மூடிக் கிடந்த பட்டாசுக் கம்பெனிக்குள் வண்டி நுழைந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. வெடி விபத்துக்குப் பிறகு அங்கே யாரும் வருவதில்லை. கந்தக நெடி மட்டும் போகவில்லை.

“போன மாசம் அந்தக் கறுப்பு நாயையும் இங்கனதான பிடிச்சோம்” என்றார் நாய் பிடிக்கும் முனியராஜ்.

ஓவியா மறக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து, அடையாளத்துக்கு இடது காது நுனியை வெட்டி, தையல்மேல் வெள்ளி நிற ஸ்பிரே அடித்த மூன்றாம் நாள் அது கூண்டிலேயே செத்துப்போனது. மையத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். ஆபரேஷன் அன்று வேறு டாக்டர், ஏகப்பட்ட அவசரம். அதன் தாளிலும் ‘பால் இல்லை’ என்று அவள்தான் எழுதியிருந்தாள். மடியை அழுத்திப் பார்த்தாளா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

கூண்டைத் திறந்ததும் செவலை பாய்ந்தோடி, நான்காவது ஷெட் வாசலில் சட்டென்று நின்றது. வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு இரண்டடி பின்வாங்கியது.

உள்ளே ஒரு சத்தம்.

சப்... சப்... சப்.

“அண்ணே, பால் குடிக்கிற சத்தம் மாதிரி இருக்கு.”

“தாய் இங்கன நிக்குது, எங்கிட்டுக் குடிக்கும்? பசியில ஒண்ணையொண்ணு சப்பும். நீ போய்ப் பாரு தாயி. நான் முன்னால போனா இவ என் கெண்டக்காலப் பிடுங்கிருவா. நேத்தே என்னயக் குறிச்சு வச்சிட்டா.”

ஓவியா செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

சத்தம் நின்றது.

கிழிந்த சாக்கின்மேல் நான்கு செவலைக் குட்டிகள். ஒன்றைத் தூக்கினாள். வெதுவெதுப்பாக, வயிறு உப்பி, தூக்கக் கலக்கத்தில் கொட்டாவி விட்டது. வாயோரம் பால் நுரை. மூக்கெல்லாம் வெள்ளியாக மின்னியது.

“அலுமினியப் பவுடரு” என்றார் முனியராஜ் வாசலிலிருந்து. “பட்டாசுக் கம்பெனில வேறென்ன ஒட்டும்?”

அவள் முகர்ந்து பார்த்தாள்.

கூண்டறையில் தினமும் மூக்கில் ஏறும் அந்த ஸ்பிரே வாசனை.

விளக்கை நகர்த்தியபோதுதான் சாக்கின் மறுமுனையில் இன்னும் இரண்டு கிடப்பது தெரிந்தது. கறுப்புக் குட்டிகள். தோலும் எலும்புமாகக் காய்ந்து, செத்து வெகுநாளாகியிருந்தன.

செவலைக் குட்டிகளை மடியில் அள்ளினாள்.

அவளுக்குப் பின்னால் ஓர் உறுமல்.

செவலை எதிரே வாசலில்தான் நின்றது. வாய் மூடியிருந்தது.

“தாயி” முனியராஜின் குரல் அடங்கிப்போயிருந்தது. “திரும்பிப் பாக்காத. எடுத்த இடத்துலயே வச்சிட்டு வந்துரு.”

வைத்தாள்.

உறுமல் நின்றது. அவள் வாசலைத் தாண்டுவதற்குள் சத்தம் மறுபடி தொடங்கியது.

சப்... சப்... சப்.

“என்ன பாத்தீக அண்ணே?”

முனியராஜ் தன் இடது காது நுனியை மட்டும் தொட்டுக் காட்டினார்.

வண்டியில் உட்கார்ந்து ஓவியா நோட்டைத் திறந்தாள்.

“மாலை 6.20. செவலை வாசலிலேயே படுத்திருக்கிறது. உள்ளே போகவில்லை. கறுப்பு நாயின் தாளில் நான் எழுதியது தவறு. பால் இருந்தது. இரண்டு குட்டிகள்.

நாளை காலை ஏழு மணிக்கு அந்த இரண்டையும் எடுத்துப் போய், மையத்துக்குப் பின்னால் அவற்றின் தாய் பக்கத்தில் புதைக்க வேண்டும். அதன்பிறகு இங்கே திரும்பி வந்து, கறுப்பிடம் செவலையின் குட்டிகளைக் கேட்க வேண்டும்.”